படிக்கத் தெரிந்தால்தான் கல்யாணம்!
பின்லாந்து நாட்டுப் பள்ளிக்கூடங்களின் கதை

"படிக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் கல்யாணம் கிடையாது!"

பின்லாந்தில் ஒரு காலத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது.

ஐரோப்பாவின் வடக்குக் கோடியில் உள்ள குளிர் தேசம் அது. அப்போது சுவீடன் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1686-ம் ஆண்டில் வந்த திருச்சபைச் சட்டப்படி, வேத பாடத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. ஆகவே, ஏர் பிடித்த வாலிபர்களும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பலருக்குப் படிக்க மட்டுமே தெரியும், எழுதத் தெரியாது. கல்யாணத்துக்கு அது போதுமே!

அலெக்சிஸ் கிவி என்பவர் 1870-ல் "ஏழு சகோதரர்கள்" என்று ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் ஏழு முரட்டு அண்ணன் தம்பிகள், பாடத்துக்குப் பயந்து ஓட்டம் பிடிக்கிறார்கள். பின்லாந்து மக்கள் இன்றும் தங்கள் முதல் பெரிய நாவல் என்று கொண்டாடுவது இந்தக் கதையைத்தான்.

பாதிரியாரின் பயணம்

பிறகு பின்லாந்து ரஷிய சக்கரவர்த்தியின் கைக்குப் போயிற்று. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறக்க சர்க்கார் விரும்பியது. எப்படித் திறப்பது?

உனோ சிக்னேயுஸ் என்ற பாதிரியாரை 1858-ல் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அவர் சுவீடன், டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்ததும், 1863-ல் ஆசிரியர் பயிற்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அவரே அதன் தலைவர். பெண்களுக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது. ஏட்டுப் படிப்போடு கைவேலையும் வேண்டும் என்றார் அவர். பின்லாந்து பிள்ளைகள் இன்றும் அதை ஒரு பாடமாகவே படிக்கிறார்கள்.

முதலில் ஆசிரியர், பிறகு பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளிகளுக்கான சட்டம் மூன்று ஆண்டு கழித்து, 1866-ல்தான் வந்தது!

கரண்டியோடு வந்த பிள்ளைகள்

1943-ம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உணவுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம்!

கையில் பணம் இல்லாத காலம் என்பதால், ஏற்பாடு செய்ய ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். 1948-ல் நாடு முழுவதும் சாப்பாடு வந்துவிட்டது. பெரும்பாலும் கஞ்சி, கூழ், சூப்புதான். பிள்ளைகள் கரண்டி, ரொட்டி, பால் கொண்டு வந்தார்கள். பள்ளி நேரம் போக, உணவுப் பயிர் வளர்ப்பதிலும் சேகரிப்பதிலும் அவர்கள் உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே கஞ்சி.

ஆனால் பாடத்தில் அந்தச் சமத்துவம் இல்லை.

11 வயதில் தலையெழுத்து

நாலு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். பரீட்சையில் தேறி, சம்பளமும் கட்ட முடிந்தவர்கள் உயர்தரப் பள்ளிக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்துக்கு அதுதான் வழி. மற்றவர்கள் இன்னும் சில ஆண்டு படித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பதினோரு வயதுப் பையன் டாக்டர் ஆவானா, மரம் வெட்டுவானா என்பது அப்போதே முடிவாகிவிடும். உயர்தரப் பள்ளி இல்லாத வடக்குக் காட்டுப் பகுதியில் பிறந்தவன் கதி என்ன?

பக்கத்து நாடான சுவீடன் 1962-ல் ஒரு வழி காட்டியது. ஒன்பது வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பள்ளி. பின்லாந்து 1968-ல் அதேபோல் சட்டம் செய்தது. "கெட்டிக்காரப் பிள்ளைகள் வீணாகிவிடுவார்கள்" என்று பலத்த எதிர்ப்பு. சர்க்கார் அவசரப்படவில்லை. 1972-ல் வடகோடியான லாப்லாந்தில் தொடங்கி, ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே வந்தது. தலைநகர் ஹெல்சிங்கி பகுதிக்கு 1977-ல் கடைசியாக வந்தது. பின்தங்கிய பகுதிக்கு முதல் பந்தி!

இருந்தும், மேல் வகுப்புகளில் கணக்குக்கும் அயல்மொழிக்கும் தரம் பிரிப்பது நீடித்தது. அது 1985-ல்தான் ஒழிந்தது.

கெட்டிக்காரனும் மந்தமானவனும் ஒரே வகுப்பில் என்றால் ஆசிரியர் திணறமாட்டாரா? அதற்காகத்தான் ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றினார்கள். 1979 முதல், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரும் முதுகலைப் பட்டம் பெற வேண்டும். பின்தங்கும் பிள்ளைக்கு உதவ ஒவ்வொரு பகுதியிலும் தனி ஆசிரியர் உண்டு. அவரிடம் போவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

உலகமே வந்து பார்த்தது

2000-ம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், 15 வயது மாணவர்களுக்கு "பிசா" என்ற பரீட்சை நடந்தது. வாசிப்பில் பின்லாந்து முதலிடம்! பள்ளிக்குப் பள்ளி வித்தியாசமும் மிகக் குறைவு.

வெளிநாட்டு அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "அங்கே வீட்டுப் பாடமே இல்லையாம்! பரீட்சையே இல்லையாம்!" என்று ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். இரண்டும் சரியல்ல. வீட்டுப் பாடம் உண்டு, கொஞ்சம். வகுப்பில் ஆசிரியர் பரீட்சை வைக்கிறார். நாடு தழுவிய பொதுப் பரீட்சை மட்டும் மேல்நிலைப் படிப்பின் முடிவில் ஒன்றே ஒன்று. இந்தச் சலுகையைப் பார்த்தவர்களில் பலர், அதன் பின்னால் இருந்த முப்பது ஆண்டு வேலையைப் பார்க்கவில்லை.

இப்போது பின்லாந்துக்கே ஒரு கவலை. 2006-ல் கணக்கில் 548 புள்ளி, 2022-ல் 484. கடலுக்கு அக்கரையில் உள்ள குட்டி நாடான எஸ்தோனியா 510 புள்ளி பெற்று முந்திவிட்டது. புத்தகம் படிக்கும் வழக்கம் குறைந்ததே காரணம் என்கிறார்கள் சிலர். கைபேசி என்கிறார்கள் சிலர். பள்ளிச் செலவைக் குறைத்ததால் வந்த வினை என்பது வேறு சிலர் கட்சி.

2021-ல் கட்டாயக் கல்வியை 18 வயது வரை நீட்டினார்கள். மேல்நிலைப் பாடப் புத்தகங்களும் அதனுடன் இலவசம் ஆயின. 2025 ஆகஸ்டு முதல் பாட நேரத்தில் கைபேசிக்கும் தடை வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு இன்றும் இலவசம். கரண்டி மட்டும் இப்போது பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது.