வீட்டைப் பெருப்பிக்க முன்

முழங்கால் தேய்ந்த தாயாருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. இலண்டனில் நம்மவர் வாழும் வீடுகளிலோ படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மேல்மாடியிலேயே உள்ளன. "பின்வளவில் ஓர் அறை போட்டால் என்ன?" என்ற பேச்சு இப்படித்தான் எழுகின்றது. எண்ணம் நல்லதே. ஆனால் அத்திவாரத்துக்கு நாள் பார்ப்பதில் காட்டும் அக்கறையை ஆள் பார்ப்பதில் காட்டாதவர்கள் பின்னர் வருந்துகின்றனர்.

முதலில் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும். இன்று தடியூன்றி நடப்பவர் சில ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருக்கக்கூடும். அகன்ற வாசல், கால் தடக்காத நிலம், அறையோடு சேர்ந்த மலசலகூடம், பிடித்தெழும்பக் கைப்பிடி ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். கட்டியதை இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு. உடல் இயலாதோருக்கான மாற்றங்களுக்கு இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை கவுன்சில் மானியம் உண்டு. வருமானம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்ட இதற்கு, வேலை தொடங்குமுன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. தனி வீடானால் பின்புறம் 4 மீற்றர், அயல் வீட்டுடன் ஒட்டியதானால் 3 மீற்றர் வரை, மாடியில்லாத அறையைத் திட்ட அனுமதியின்றியே கட்டலாம் என்பது பொதுவிதி. இந்த அளவு ஆதி வீட்டின் பின்சுவரிலிருந்து கணக்கிடப்படும். முந்திய சொந்தக்காரர் நீட்டிய சமையலறையும் கணக்கில் சேரும். தொடர்மாடி வீடுகளுக்கு இச்சலுகை இல்லை. ஆகவே கவுன்சிலிடம் உறுதிச் சான்றிதழ் பெற்று வைப்பது நன்று. கட்டட ஒழுங்குவிதி இதனின் வேறானது. அதற்கும் தனியே அங்கீகாரம் பெற வேண்டும்.

கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை இங்கு பதிவு பெற்றவரே பயன்படுத்தலாம். பதிவேட்டை எவரும் பார்க்கலாம். சுவரை அகற்றி இரும்பு உத்தரம் வைப்பதானால் கட்டமைப்புப் பொறியியலாளரின் கணக்கு அவசியம். இலண்டன் களிமண்ணில், அருகே பெருமரம் நின்றால், அத்திவாரம் மேலும் ஆழமாக வேண்டும். இவர்களின் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது நோயறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

பொதுச்சுவரில் கை வைப்பதானால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அயலவருக்கு இரண்டு மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவரது கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள், அதன் அத்திவாரத்திலும் ஆழமாகத் தோண்டினால் ஒரு மாத அறிவித்தல் வேண்டும். கடிதத்துக்கு முன் நேரில் சென்று வரைபடத்தைக் காட்டுவது மரியாதையுமாகும்.

நம்மவர் பெரிதும் இடறுவது ஒப்பந்தகாரரைத் தெரிவதிலேதான். "தெரிந்த ஆள்தானே" என்று வாய்ப்பேச்சில் முடித்து, பாதிப் பணத்தை முற்கூட்டியே கொடுத்து விடுகின்றனர். வேலை நடுவில் நின்றால் கேட்கவும் கூச்சம், விடவும் வழியில்லை. பணமும் போகும், உறவும் போகும். ஒரே வரைபடத்தை மூவரிடம் கொடுத்து எழுத்தில் விலை கேட்க வேண்டும். 20 வீத வற் வரி அதில் அடங்குமா, காப்புறுதி உண்டா என்று விசாரித்து, அவர் முன்பு கட்டிய வீடுகளையும் பார்க்க வேண்டும். முடிந்த வேலைக்கே பணம் கொடுக்க வேண்டும். எதிர்பாராச் செலவுக்குப் பத்திலொரு பங்கையாவது ஒதுக்குதல் நலம்.

கட்டட ஒழுங்குவிதியின் முடிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே கடைசித் தொகையைக் கொடுக்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பதும் அதையே. அதைப் பத்திரப்படுத்திவிட்டுப் பால் காய்ச்சினால், தாயாரும் நிம்மதியாக உறங்குவார்; பிள்ளைகளும் உறங்குவர்.