‘மாக்கிங்பேர்ட்’ பக்கத்தில் எந்த நாவல்?

2022 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடக்கே உள்ள முக்கில்டியோ பள்ளி மாவட்ட வாரியம் ஒரு முடிவெடுத்தது. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல் இனி ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டாயப் பாடம் இல்லை. கோரிக்கை வைத்தவர்கள் அந்த மாவட்டத்தின் ஆங்கில ஆசிரியர்களே. நாவலுக்குத் தடை ஏதும் இல்லை. விரும்பும் ஆசிரியர் தாராளமாக நடத்தலாம். ஆனாலும் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்று, நிறவெறி எவ்வளவு கொடியது என்பதைப் பல தலைமுறை மாணவர்களுக்கு உணர்த்திய நாவல் அல்லவா அது!

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கதையைச் சொல்பவள் ஸ்கவுட் என்ற வெள்ளைச் சிறுமி. நாயகன், அவளுடைய அப்பாவான வழக்கறிஞர் ஆட்டிகஸ். செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்கும் கறுப்பின இளைஞன் டாம் ராபின்சன், வாசகர் இரக்கப்படுவதற்காகவே வந்துபோகிறான். அவன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், அவனுக்குக் கோபம் வந்ததா என்பதற்கெல்லாம் நாவலில் அநேகமாக இடமே இல்லை. கறுப்பர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் வேறு திரும்பத் திரும்ப வருகிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவி உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்கும்போது எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்புமே, அந்த நிமிடத்தை நினைத்துப் பார்த்தால் ஆசிரியர்களின் தயக்கம் புரியும்.

‘உயர்நிலைப் பள்ளியில் இன்னின்ன நூல்கள்தான்’ என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது? 1870களில் ஹார்வர்ட் கல்லூரி தன் நுழைவுத் தேர்வுக்கென ஷேக்ஸ்பியர், வால்டர் ஸ்காட், கோல்ட்ஸ்மித் ஆகியோரின் படைப்புகளைக் குறிப்பிட்டது. மற்றக் கல்லூரிகளும் பின்தொடர, பள்ளிகள் அவற்றையே நடத்த வேண்டியதாயிற்று. கல்லூரிகள் பள்ளிகளுக்குப் பட்டியல் போடுவதா என்ற எதிர்ப்பு, 1911இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான தேசிய மன்றம் சிகாகோவில் தோன்ற ஒரு முக்கியக் காரணம். ஆக, இந்தப் பட்டியல் எழுதப்பட்ட நாள்முதலே சண்டையும் இருக்கிறது.

1989இல் ஆய்வாளர் ஆர்தர் ஆப்பிள்பீ நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டார். அரசுப் பள்ளிகளில் அதிகம் நடத்தப்பட்ட முதல் பத்து நூல்களில் நான்கு ஷேக்ஸ்பியருடையவை. பத்தில் ஒன்று மட்டுமே பெண் எழுதியது, அதுவும் ‘மாக்கிங்பேர்ட்’தான். வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. அப்போது டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சான்ட்ரா சிஸ்னெரோஸின் ‘தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்’ வந்து ஐந்து ஆண்டுகள். ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ 1952லேயே வந்துவிட்டது. நல்ல நூல்களுக்கா பஞ்சம்?

அடுத்த ஆண்டு, 1990இல், பேராசிரியர் ருடின் சிம்ஸ் பிஷப் எழுதிய கட்டுரை ஒன்று ஆசிரியர்களிடையே இன்றுவரை மேற்கோளாக இருக்கிறது. புத்தகம் பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும், அடுத்தவர் உலகத்தைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறுபான்மைக் குழந்தைகளுக்குக் கண்ணாடி கிடைப்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். கண்ணாடி மட்டுமே கிடைத்து வளரும் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கும் அது கேடுதான் என்று பிஷப் எச்சரித்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மாற்றம் வராததற்குக் கொள்கை மட்டுமா காரணம்? பள்ளியின் புத்தக அறையைத் திறந்து பார்த்தால் போதும். அட்டை கிழிந்த ‘மக்பெத்’ பிரதிகள் ஐம்பது அறுபது அங்கே அடுக்கியிருக்கும். புது நாவல் என்றால் வகுப்புக்கு முப்பது பிரதியாவது வாங்க வேண்டும்; பாடத்திட்டம் எழுத வேண்டும்; வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்; பெற்றோர் ஆட்சேபித்தால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கட்டுரைத் திருத்தத்திலேயே மாலைகளைக் கழிக்கும் ஆசிரியர் பழையதையே கையில் எடுப்பதைக் குறைசொல்ல முடியாது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான பாடநூல் பட்டியல் கிடையாது. மாநிலங்கள் திறன்களை வரையறுக்கின்றன; நூலைப் பெரும்பாலும் மாவட்டமும் பள்ளியும் தீர்மானிக்கின்றன. 2010இல் வந்து பல மாநிலங்கள் ஏற்ற ‘காமன் கோர்’ தரவரையறை, ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தையும் கேட்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே எழுதப்பட்ட இலக்கியத்தையும் கேட்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அது சொல்லவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்து நடத்துவதுதான் நல்ல வழி. ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் ஆப்பிரிக்கர்கள் ஆற்றங்கரைக் கூச்சலாகவும் நிழலாகவும் வருகிறார்கள். சினுவா அச்செபே 1975இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அதைக் கடுமையாகச் சாடினார். அவருடைய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) நாவலின் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். நாயகன் ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். வெள்ளை அதிகாரியோ தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். ஒரு மனிதனின் வாழ்க்கையை நாவல் முழுக்கப் படித்துவிட்டு வந்த மாணவனுக்கு அந்த ‘ஒரு பத்தி’ அறைந்தாற்போல் இருக்கும். அதன்பிறகு கான்ராடைத் திரும்பப் படிக்கும்போது, கதையை யார் சொல்கிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்று அவனே கேட்கத் தொடங்குவான்.

‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலுக்கும் இப்போது அப்படி ஒரு துணை கிடைத்திருக்கிறது. பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ 2024இல் வெளிவந்து, 2025இல் புலிட்சர் பரிசு பெற்றது. மார்க் ட்வைனின் அடிமை ஜிம்தான் இதில் கதைசொல்லி. வெள்ளையர் முன்னால் எப்படிக் கொச்சையாகப் பேச வேண்டும் என்று அவன் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் காட்சி ஒன்று உண்டு. தங்களுக்குள் அவர்கள் பேசுவது திருத்தமான ஆங்கிலம். கொச்சை, உயிர் பிழைக்க அணியும் முகமூடி. ட்வைனைப் படித்தவருக்கே அந்தக் காட்சியின் முழு வீச்சும் தெரியும். பழையதை விலக்கிவிட்டால் புதியதும் பாதியாகத்தான் புரியும்.

பன்முக நூல் என்றதும் அடிமைத்தனம், அகதி முகாம், இனக்கலவரம் என்று துயரக் கதைகளையே தேடி எடுப்பது இன்னொரு பிழை. ஒரு சமூகத்தைக் காயங்களின் வழியாக மட்டுமே அறிமுகப்படுத்துவதும் அநீதிதான். ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (1937) நாவலில் காதல் இருக்கிறது, திண்ணைப் பேச்சு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த ஹர்ஸ்டனை 1970களில் மீட்டெடுத்ததில் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கருக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்து நிலைமையும் சொல்லத்தக்கது. பென்குயின் பதிப்பகமும் ரன்னிமீட் அறக்கட்டளையும் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு வெள்ளையர் அல்லாத எழுத்தாளரின் நூலைப் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பள்ளி மாணவர்களிலோ மூன்றில் ஒருவர் சிறுபான்மை இனத்தவர்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் இந்தப் பாடநூல் சண்டை நீதிமன்றம் வரை போனது. மெக்சிகன் அமெரிக்க இலக்கியமும் வரலாறும் நடத்திய வகுப்புகள் 2010இல் வந்த மாநிலச் சட்டத்தின் பேரில் 2012இல் மூடப்பட்டன. சில நூல்கள் வகுப்பறையிலிருந்து பெட்டி கட்டி அகற்றப்பட்டன. அந்த நடவடிக்கைக்குப் பின்னால் இனத் துவேஷம் இருந்தது என்று கூட்டாட்சி நீதிபதி 2017இல் தீர்ப்பளித்தார்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பிள்ளையின் ஆங்கில ஆசிரியரிடம் இந்த ஆண்டு வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நூலைச் சேர்க்கச் சொல்வதானாலும் நீக்கச் சொல்வதானாலும், அதை முதலில் முழுக்கப் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.