நீடிலைத் திருகும் முன்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகவே பார்ப்போம். மைதானத்தில் இஞ்சின் பிடிக்காத மாடல் விமானத்தின் புரொப்பெல்லரைச் சுண்டிச் சுண்டி விரல் வீங்கிய பிறகு எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு: கார்புரேட்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகுவது. இஞ்சினில் விரலால் திருகக்கூடியதாக இருப்பது அது ஒன்றுதான் என்பதால் கை தானாக அங்கே போய்விடுகிறது. கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே, மறுபடி உள்ளே. போன ஞாயிறு நன்றாக ஓடிய இஞ்சின் என்றால் நீடில் அன்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். அதைத் திருகிவிட்டால், சரி என்று நமக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயத்தையும் இழக்கிறோம். ஒரு கோளாறு இரண்டாகிவிடும். ஆகவே நீடில் கடைசியில். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்.

நான் பேசுவது பயிற்சி விமானங்களில் மாட்டும் 46 அளவு டூ-ஸ்ட்ரோக் க்ளோ இஞ்சினைப் பற்றி. 46 என்றால் 0.46 கன அங்குலம், நம் கணக்கில் ஏறத்தாழ 7.5 சிசி. பைக்கில் இருப்பதுபோல் சரியான நொடியில் பொறி தெறிக்க வைக்கும் காயில், மேக்னெட் எதுவும் இதில் கிடையாது. பிளக்கின் அடியில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று மட்டும். ஒன்றரை வோல்ட் கொடுத்தால் அது பழுக்கிறது; அழுத்தப்பட்ட மெத்தனால் ஆவி அதில் பட்டுப் பற்றிக்கொள்கிறது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடுகிறோம். ஆனாலும் கம்பி அணைவதில்லை. கனன்ற கரியை விசிறிக்கொண்டே இருந்தால் அணையாதது போலத்தான்: ஒவ்வொரு சுற்றின் எரிப்பும் கம்பியைச் சூடாக்குகிறது, பிளாட்டினத்தின் மேற்பரப்பில் மெத்தனால் தானே வினைபுரிந்தும் சூடு தருகிறது. சூடான பிளாட்டினம் கம்பி எரிவாயுக் கலவையில் சுடர் இல்லாமலேயே தொடர்ந்து கனல்வதை ஹம்ஃப்ரி டேவி 1817-லேயே எழுதிவைத்தார். அமெரிக்கரான ரே ஆர்டன் மாடல் விமானத்துக்கான க்ளோ பிளக்கை 1947-ல் கொண்டுவந்தார். காயில், கண்டென்சர், பேட்டரி என்று விமானம் சுமந்துகொண்டிருந்த எடையெல்லாம் அதோடு போயிற்று. இவ்வளவு எளிய ஏற்பாட்டில் தவறக்கூடிய இடங்களும் குறைவு என்பது நமக்குச் சாதகம்.

கழற்றிய பிளக் இரண்டு செய்தி சொல்லும். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பது முதல் செய்தி. அதைத் துடைப்பதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குறட்டால் பிடித்துக்கொண்டு, க்ளோ ஸ்டார்ட்டரை (அந்த ஒன்றரை வோல்ட் பேட்டரிதான்) மாட்டி, அது எரியும் நிறத்தைப் பாருங்கள். நிழலில் பாருங்கள், வெயிலில் நிறம் தெரியாது. சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். மங்கிய சிவப்பு என்றாலோ, சில சுற்றுகள் மட்டும் எரிந்து மற்றவை கறுத்திருந்தாலோ அது போதாது. எரியவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கலாம். மீட்டர் வைத்த ஸ்டார்ட்டராக இருந்தால் முள் அசையாமலே நின்று அதைச் சொல்லிவிடும். புது பிளக் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். சந்தேகத்துக்கு அதைவிட மலிவான மருந்து இந்த விளையாட்டில் இல்லை.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிளக் கையில் இருக்கும்போது அழகாகப் பழுக்கும், இஞ்சினுக்குள் போனதும் வேலை செய்யாது. மெத்தனால் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை வெகுவாக இழுத்துக்கொள்ளும். உள்ளே சுருள்மேல் எரிபொருள் தெறிக்கத் தெறிக்க, அதைப் பழுத்த நிலையில் வைத்திருக்க மூன்று ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் வேண்டும். சார்ஜ் இறங்கிய செல் காற்றில் சமாளிக்கும், ஈரத்தில் தோற்கும். ஆகவே பிளக்கைக் குறை சொல்லும்முன் ஸ்டார்ட்டரை நன்றாக சார்ஜ் செய்து பாருங்கள். அவசரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துவிடாதீர்கள்; சுருள் கண்ணெதிரே அறுந்துபோகும்.

பிளக் நன்றாக எரிகிறது, ஆனால் கழற்றும்போது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது என்றால் எரிபொருள் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. சிலிண்டர் தலைகீழாக மாட்டிய விமானங்களில் இது அடிக்கடி நடக்கும், பிளக் அங்கே அடியில் இருப்பதால் எல்லாம் அதன்மேல்தான் வந்து தேங்கும். எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பிடித்து, பிளக் இல்லாத துளை கீழே பார்க்கும்படி திருப்பி, துணியைப் போர்த்தி, புரொப்பெல்லரைக் கையால் பல சுற்றுச் சுற்றினால் தேங்கியது வெளியே பீய்ச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்துவதுதான் பெரிய ஆபத்து. காற்றைப்போல் திரவம் நசுங்காது. பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்டார்ட்டரை வைக்கும்முன் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் முட்டி நிற்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்புகிறது. எரிபொருள் ஏன் வந்து சேரவில்லை? பிளக்கில் பேட்டரி இல்லாதபோது கார்புரேட்டர் வாயை விரலால் மூடிக்கொண்டு புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுங்கள். ஒளி ஊடுருவும் டியூப் என்பதால் எரிபொருள் ஊர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும். அது கார்புரேட்டரைத் தொட்டபின் இரண்டு சுற்றுப் போதும். வரவே இல்லை என்றால் டேங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே மெல்லிய டியூபின் நுனியில் கனமான குண்டு ஒன்று இருக்கும், விமானம் எப்படித் திரும்பினாலும் எரிபொருள் இருக்கும் பக்கம் சாய்வதற்காக. கடினமான தரையிறக்கத்தில் அது முன்பக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளும், அல்லது டியூப் கழன்றுவிடும். எரிபொருளோடு குமிழ்கள் வந்தால் எங்கோ டியூபில் ஊசிமுனை ஓட்டை. தேடிக்கொண்டிருக்காமல் டியூபையே மாற்றிவிடுங்கள். சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் டியூபையும் பாருங்கள். புகையின் அழுத்தம்தான் டேங்கிலிருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. அது கழன்றிருந்தால் இஞ்சின் பிடித்தாலும் நிலைக்காது. டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் ஜெட் மட்டத்திலோ ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருப்பது நல்லது. அதைவிட உயரத்தில் இருந்தால் விமானம் சும்மா நிற்கும்போதே எரிபொருள் வழிந்து இஞ்சினை நிரப்பும்.

இவ்வளவும் சரியென்றால் எரிபொருள் டின்னைச் சந்தேகிக்கலாம். மெத்தனால்தான் அதில் பெரும்பகுதி. நைட்ரோமீத்தேன் வழக்கமாக 5 முதல் 15 சதவீதம், எண்ணெய் 20 சதவீதத்தை ஒட்டி. அந்த எண்ணெயில் பல கலவைகளில் ஆமணக்கெண்ணெய் இருக்கும், நம் வீட்டு விளக்கெண்ணெயேதான். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இஞ்சின்களுக்கும் உயவு தந்தது இதுவே. மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது, இது கரையும். மெத்தனாலின் குறை, அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மூடி தளர்ந்த டின் ஒரு மழைக்காலம் கிடந்தால் அதை நம்ப வேண்டாம். புது டின்னில் இஞ்சின் உடனே பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. பெட்ரோலை ஊற்றிப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. பெட்ரோலில் இந்தச் சுருள் கனன்று நிற்காது, சிலிக்கான் டியூப் ஊதிக் கெட்டுப்போகும்.

டின்னைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண்பார்வை போகும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். இதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டின்னும் சரியென்றால் அடுத்தது கம்ப்ரஷன்; அதைப் பார்ப்பது எளிது. பிளக்கை இறுக்கி மாட்டி, பேட்டரி இல்லாமல், புரொப்பெல்லரை மெல்லத் திருப்பும்போது உச்சியில் ஒரு மேடு ஏறி இறங்குவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிளக்கின் செம்பு வாஷர் தொலைந்திருக்கலாம், ஹெட் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம்; இரண்டும் இல்லையென்றால் பிஸ்டனும் லைனரும் தேய்ந்துவிட்டன. புது இஞ்சின் உச்சியில் இறுகிக்கொண்டு நகர மறுப்பது கோளாறு அல்ல. லைனரை மேலே குறுகலாகத்தான் கடைந்திருக்கிறார்கள், சூடேறினால் சரியாகும். நாள்பட்டுக் கிடந்த இஞ்சின் அசையவே இல்லை என்றால் ஆமணக்கெண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்குங்கள், இளகும். புரொப்பெல்லரை நெம்புகோலாக்கி முறுக்காதீர்கள்.

இஞ்சின் பிடித்து இரண்டு நொடி சீறிவிட்டு நின்றால், விரலால் மூடி உள்ளே இழுத்தது எரிந்து தீர்ந்துவிட்டது, டேங்கிலிருந்து வரவில்லை என்று பொருள். பேட்டரி இருக்கும்வரை ஓடி, கழற்றியதும் நின்றால் பிளக் கிழடாகிவிட்டது அல்லது ஐடிலில் கலவை ரிச்சாக, அதாவது எரிபொருள் மிகுந்து இருக்கிறது. முதலில் பிளக்கை மாற்றுங்கள். பத்தில் எட்டு முறை அதோடு முடியும் என்பது என் அனுபவக் கணிப்பு.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அல்லது முன்பே யாரோ திருகி வைத்திருந்தால், நீடிலுக்கு வருவோம். மெதுவாக உள்ளே திருகி, தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கினால் ஜெட் கெடும். அங்கிருந்து இரண்டு முதல் இரண்டரைச் சுற்று வெளியே. உங்கள் இஞ்சினின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே கேளுங்கள். திராட்டிலைக் கால் பங்கு திறந்து, விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, கண்ணாடி அணிந்து, விரலுக்குப் பதில் குச்சியாலோ எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டராலோ சுழற்றுங்கள். பிடித்ததும் புரொப்பெல்லரின் பின்பக்கம் வந்துதான் பேட்டரியைக் கழற்றுவதும் நீடிலைத் தொடுவதும். 46 இஞ்சின் 11 அங்குலப் புரொப்பெல்லரை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றும். அதன் தளத்தில் ஒரு விரல்கூட இருக்கக் கூடாது. முழுத் திராட்டிலில் எரிபொருள் டியூபை ஒரு கணம் கிள்ளி விடுங்கள். வேகம் சற்றே ஏறி இறங்கினால் கலவை கொஞ்சம் ரிச், அப்படியே விடலாம். கிள்ளியதுமே வேகம் தொய்ந்தால் லீன், எரிபொருள் போதவில்லை; நீடிலைச் சிறிது திறந்துவிடுங்கள்.

அன்றைய பறத்தல் முடிந்ததும் டியூபைக் கழற்றி, கார்புரேட்டரில் மிஞ்சியதை எரித்துத் தீர்த்து, டேங்கைக் காலிசெய்யுங்கள். கார்புரேட்டர் வாயிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, புரொப்பெல்லரைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நைட்ரோ எரிந்த மிச்சமும் மெத்தனால் உறிஞ்சிய ஈரமும் சேர்ந்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைப்பது இந்த இடைவெளியில்தான்.