மன்னன் முகத்தில் ஓர் உளிவெட்டு

வெம்பக்கோட்டை அகழாய்வுச் செய்திகளைப் படித்த திருத்தங்கல் வாசகர் ஒருவர், "நம்ம வைப்பாற்றங்கரையிலும் ரோமானியத் தங்கக் காசு கிடைக்குமா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அதைக் குழி தோண்டுகிறவர்கள் சொல்லட்டும். தமிழ்நாட்டில் ஏற்கெனவே கிடைத்த காசுகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

மிளகுக்கும் முத்துக்கும் யவனர் பொன் கொண்டுவந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதும் தெரிந்ததுதான். 100 செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஓர் அவுரியஸ் தங்கக் காசு. கணக்குப் போட்டால் 5 லட்சம் காசு!

என்னை விடாமல் இழுப்பது 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல். மொத்தம் 501 பொற்காசுகள், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலம் தொட்டு வெஸ்பாசியன் காலம் வரை. அகஸ்டஸ் காசு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64-இல் எடையை இன்னும் குறைத்துவிட்டார். புதையலில் இருந்த காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமீது குறுக்கே ஓர் உளிவெட்டு விழுந்திருக்கிறது. காசு துண்டாகவில்லை, பொன் குறையவும் இல்லை. முகம் மட்டும் கெட்டது.

உள்ளே செம்பா என்று பார்க்க வெட்டினார்கள் என்பார் உண்டு. அதற்கு ஓரத்தில் கீறினாலே போதுமே, தேடித்தேடி முகத்தில் ஏன்? அச்சகத்தில் நான் இருந்தபோது, கழித்த தாள் திரும்ப அடுக்கில் கலந்துவிடாமலிருக்கக் குறுக்கே நீலப் பென்சிலால் ஒரு கோடு போடுவோம். இதுவும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. 'இனி இது காசில்லை, வெறும் பொன்' என்று இங்கிருந்த ஆட்சியாளர் யாரோ செய்த ஏற்பாடு. அந்தக் காலத்து இலங்கை அரசன் ஒருவனும், வெவ்வேறு தலை பதித்த ரோமானிய வெள்ளிக் காசுகளெல்லாம் ஒரே எடையில் இருப்பதைப் பார்த்து வியந்தானாம். அதையும் பிளினிதான் எழுதியிருக்கிறார். எடைக்குத்தான் மதிப்பு, தலைக்கு இல்லை.

கருக்காக்குறிச்சிக் காசுகளை நாணயவியல் அறிஞர் ஜி.எஃப். ஹில் ஆராய்ந்து எழுதியதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியும். ஓசைப்படாமல் நகைப்பட்டறைக்குப் போகும் புதையலில் வெட்டும் உருகிவிடும், வரலாறும் உருகிவிடும். கண்மாய் தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ எது கிடைத்தாலும் மறைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பலரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அதே சட்டப்படி, புதையலுக்கு உரிமையாளர் யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.