மின்சாரத்துக்கு அணை போடும் மண்

வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டால் பெரியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெள்ளைப் பீங்கானாலான பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். புது வீடுகளில் தானாக விழும் சுவிட்சுகள் வந்துவிட்டன. ஆனால் பழைய வீடுகளில் இந்தக் கட்டையை இன்றும் காணலாம். உங்கள் வீட்டுக் கட்டை விருத்தாசலத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள இவ்வூர் பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பெயர் பெற்றது, பீங்கானுக்கும் அப்படியே. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் கல்வி நிலையமும் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது.

ஈரக் களிமண் மின்சாரத்தைக் கடத்தும். அதே மண் சூளைக்குப் போய் வந்ததும் கடத்த மறுக்கிறதே, ஏன்?

பீங்கானுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். களிமண் உருவம் கொடுக்கிறது. சூளையில் 500, 600 டிகிரி செல்சியஸ் வரும்போது களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி களிமண் ஆகாது. 1,200 டிகிரியைத் தாண்டிய நிலையில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, துகள்களின் இடைவெளிகளில் புகுந்து அடைத்துக்கொள்கிறது. குவார்ட்ஸ் எலும்புபோல் நின்று உருவம் சரியாமல் காக்கிறது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தளையின்றித் திரிகின்றன; பீங்கானிலோ அவை அணுக்களின் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. மின்சாரத்தைச் சுமக்க ஆள் இல்லை!

சூடு போதாவிட்டால் இடைவெளிகள் அடைபடாது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உடைந்த பூந்தொட்டி ஓட்டிலும் உடைந்த பீங்கான் கோப்பையின் முறிந்த விளிம்பிலும் ஒவ்வொரு சொட்டு மை விடுங்கள். ஓடு மையைக் குடித்துவிடும். நல்ல பீங்கானில் மை மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். மின்கம்பத்துப் பீங்கான்களையும் ஏறத்தாழ இப்படித்தான் சோதிக்கிறார்கள். உடைத்த துண்டுகளை ஃபுக்ஸின் என்னும் சிவப்புச் சாயத்தில் போட்டு அழுத்தம் கொடுப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தச் சரக்கு தேறாது. சாயம் போகும் வழியில் மழைநீரும் போகும். நீர் போன வழியில் மின்சாரமும் போகும். கம்பத்தைத் தொடுபவரின் உயிர் இந்தச் சாயச் சோதனையில் இருக்கிறது என்றால் மிகையில்லை.

பியூஸ் கம்பி செம்பால் ஆனது. செம்பு 1,085 டிகிரியில் உருகும். கட்டையோ அதைவிட அதிகச் சூட்டில் வெந்து வந்தது. ஆகவே கம்பி உருகிப் பொறி பறந்தாலும் கட்டை எரிவதில்லை, கரிவதில்லை. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று சிலர் நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பிறகு கம்பி உருகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

வேகும்போது பீங்கான் சுருங்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் கலவை என்றால், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பச்சை உருவம் 88 மில்லிமீட்டராக வெளிவரும். பித்தளைத் தகட்டின் திருகு பொருந்த வேண்டிய துளையும் அதே விகிதத்தில் சுருங்கும். இதைக் கணக்கிட்டே அச்சு செய்ய வேண்டும். பொம்மையில் சிறு பிழை பொறுக்கும், பியூஸ் கட்டையில் பொறுக்காது.

குவார்ட்ஸ் என்றேனே, கைக்கடிகாரத்தில் எழுதியிருக்கும் குவார்ட்ஸும் அதேதான்! வேதியியல் பெயர் சிலிகான் டை ஆக்சைடு. அங்கே அது பொடியாக இல்லாமல் ஒரே படிகமாக இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும். அளவாக வெட்டிய படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திர எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள், ஒன்று வரும். மின்னணுச் சுற்று இப்படி வகுத்தே ஒரு நொடியைப் பெறுகிறது. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓடுபவரின் கடிகாரமும், சதுரங்கப் போட்டியின் மின்னணுக் கடிகாரமும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

மின்னணுவியலில் இன்னொரு பீங்கான் உண்டு: பேரியம் டைட்டனேட். இது களிமண்ணிலிருந்து வருவதன்று; பேரியம் கார்பனேட்டையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் சேர்த்துச் சுடுவது. 1940-களில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே இதன் குணத்தைக் கண்டார்கள். மின்னூட்டத்தைச் சேர்க்க உதவும் திறன் சாதாரணப் பீங்கானுக்கு ஆறு என்றால், இதற்கு ஆயிரக்கணக்கில். ரேடியோவைத் திறந்தால் வட்டப் பொட்டுப்போல், 104 என்று எழுதிய மின்தேக்கி தெரியும். 10-க்குப் பின் நான்கு சுழி, அதாவது 1,00,000 பிக்கோஃபாரட் என்பது பொருள். கணினியின் சில்லு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிபோல் உடனே கொடுப்பது இதுவே. இது இல்லாவிட்டால், நிரல் பிழையின்றி எழுதப்பட்டிருந்தாலும் கணினி தப்பாகக் கணக்கிடும்.

அடுக்கு மின்தேக்கிகளில் ஒரு படலத்தின் தடிமன் மைக்ரோமீட்டர் அளவே. ஒரு தூசி விழுந்தால் போதும், படலம் ஓட்டையாகிவிடும். அந்தப் படலமும் சூளையில் சுருங்கத்தான் செய்கிறது. நடுவிலுள்ள உலோகப் படலமும் அதே அளவு சுருங்காவிட்டால் அடுக்கு பிளந்துவிடும்.