சேலம், நாமக்கல் பேச்சில் ஒலி ஒழுங்கு

எழுத்து ஒன்றாயினும் ஒலிப்பு இடத்துக்கு இடம் வேறுபடுதல் மொழிகளின் பொது இயல்பாகும். பஞ்சாபி மொழியை எடுத்துக்கொள்வோம். அமிர்தசரசு, லாகூர்ப் பகுதிகளில் வழங்கும் மாஜி வழக்கே அதன் பொதுவழக்குக்கு அடிப்படை. அவ்வழக்கில் வகரமாக ஒலிப்பது, தோவாபி வழக்கில் பல இடங்களில், ‘கம்பம்’ என்னும் சொல்லின் பகரம்போல் ஒலிக்கும். இதனை மொழியியலார் பிழை என்னாது வட்டார வேறுபாடு என்றே கொள்வர்.

தமிழ் இலக்கணமும் இந்நோக்கிற்கு அயலானதன்று. செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலத்தார் வழங்கும் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் ஏற்றுள்ளது. ஆயினும், நம் கொங்கு வழக்கைக் கேட்டு நகைப்போர் இன்றும் உளர். நகைப்பதற்கு முன் அதன் ஒழுங்கைக் காண்போம்.

1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் பேச்சு அவ்வெல்லைக் கோட்டில் பிரிந்துவிடவில்லை. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் ‘ங்க’ என்னும் மரியாதை ஈறு ஏறத்தாழ எல்லாச் சொற்களோடும் சேர்கிறது. அது சேரும் முறையைக் கூர்ந்து நோக்குக. ‘சரி’ என்பது ‘சரீங்க’ என நீள்கிறது. ‘இல்லை’ என்பதன் ஐகாரம் ஈகாரமாகி ‘இல்லீங்க’ என்றாகிறது. மெய்யீற்றுச் சொல்லாயின் இடையில் உகரம் தோன்றும்: ‘வந்தன்’ என்பது ‘வந்தனுங்க’ எனவும், ‘வேண்டாம்’ என்பது ‘வேண்டாமுங்க’ எனவும் வரும். பள்ளி செல்லாத முதியவரும் இம்முறையில் வழுவுவதில்லை. இது எழுதப்படாத புணர்ச்சி விதியன்றோ?

ழகரத்தின் நிலை வேறு. நம் சிற்றூர்களில் பலர் ‘கோழி’யைக் ‘கோளி’ என்பர். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழகரம் ளகரமாவதுண்டு; சென்னைப் பேச்சிலோ ‘பழம்’ ‘பயம்’ ஆகும். அதே யாழ்ப்பாணத்தார், ‘காற்று’ என்பதில் நாம் ‘காத்து’ என மாற்றிவிட்ட றகர ஒலியை இன்றும் காத்து வருகின்றனர். ஓரிடம் இழந்ததை மற்றோரிடம் பேணும் என்பதே இதனால் பெறப்படும்.

எனினும், எழுத்தில் ‘வாழை’ மரம், ‘வாளை’ மீன். இவ்வேறுபாட்டை மாணவர் கற்றேயாக வேண்டும். கற்பிக்கும் வழியும் தொல்காப்பியப் பிறப்பியலிலேயே உள்ளது. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும். நாவிளிம்பு தடித்து அண்ணத்தை வருட ளகரம் பிறக்கும். நாவின் நிலையைக் காட்டிப் பயிற்றினால் சில நாள்களில் கைவரும். ‘பட்டிக்காட்டுப் பேச்சு’ என இகழ்ந்தால் ழகரம் வாராது. வகுப்பில் நகைப்புக்கு ஆளான மாணவர் அடுத்த வினாவிற்கு வாய் திறவார் என்பதே கண்ட பயன்.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே கொங்குப் பேச்சை நாவலில் ஏற்றியது. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வெளிவந்தது. சொற்கள் ஏடேறின. ஒலிப்போ இன்னும் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கிறது. மாணவர் தத்தம் இல்லத்துப் பெரியோரின் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்து வைப்பாராயின் அதுவே பயனுள்ள தமிழாய்வாகும். மேடைக்கும் தேர்வுக்கும் பொதுத்தமிழைப் பயில்வோம். அதன்பொருட்டு வீட்டுத்தமிழுக்கு நாண வேண்டுவதில்லை.