குறும்படப் போட்டிக்கு அனுப்புறீங்களா? பரிசுத் தொகை அப்புறம், முதல்ல இந்த ஒரு விதியைப் படிங்க!

கோடை சீசன்ல ஏற்காடு போனா, ஏரிக்கரை, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட்னு எங்க திரும்பினாலும் செல்போன், ட்ரைபாட், கூடவே நாலு இளைஞர்கள். பலர் ரீல்ஸ் எடுக்கிறாங்க. சிலர் நிஜமாவே குறும்படம் எடுக்கிறாங்க. கல்லூரி கலைவிழா, டிவி நிகழ்ச்சி, திரைப்பட விழா என இளம் இயக்குநர்களுக்கான போட்டிகளுக்கும் இப்போ பஞ்சமில்லை.

போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் கண்ணு போறது பரிசுத் தொகைக்குத்தான். ஆனா கவனமா பார்க்க வேண்டிய வரி விதிமுறைகளில் எங்கேயோ கீழே இருக்கும். 'அனுப்பப்படும் படங்களின் முழு உரிமையும் அமைப்பாளர்களுக்கே' என்ற ரீதியில் வரும் வரி அது. அதுக்கு ஓகே சொன்னா என்ன ஆகும்?

முன்னாடி எப்படி இருந்துச்சு?

சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே ஒரு பழைய வளைவு வரும். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவாயில் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இந்த நிறுவனத்தில் உருவாகின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இவங்க தயாரிப்புதான். எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் என எல்லாருக்கும் மாதச் சம்பளம். எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950) படத்துக்கு கலைஞர் கருணாநிதி கதை, வசனம் எழுதியதும் இந்த நிறுவனத்துக்காகத்தான்.

அந்தக் காலத்தில் சினிமாவுக்குள்ள வரணும்னா இப்படி ஒரு கேட்டைத் தாண்டணும். அப்புறம் யாராவது ஒரு இயக்குநரிடம் பல வருஷம் உதவியாளரா இருக்கணும். இப்போ அந்த வளைவு மட்டும்தான் மிச்சம்.

2009-க்குப் பிறகு என்ன மாறுச்சு?

அந்த வருஷம் கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் சில நிமிடங்களே ஓடும் ஒரு குறும்படம் எடுத்துட்டு வரணும். நடுவர்கள் கேமரா முன்னாடியே விமர்சிப்பாங்க. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன், ராம்குமார், ரவிகுமார், நித்திலன் சாமிநாதன் எல்லாரும் இந்த மேடையில் வந்தவங்கதான்.

ஒரே ஒரு தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்த்தாலே போதும். சி.வி.குமார் தயாரிப்பில் 2012-ல் 'பீட்சா', 2013-ல் 'சூது கவ்வும்', 2014-ல் 'முண்டாசுப்பட்டி', 2015-ல் 'இன்று நேற்று நாளை'. நாலு வருஷம், நாலு புது இயக்குநர்கள். நாலு பேருமே 'நாளைய இயக்குநர்' போட்டியாளர்கள்! அதே மேடையில் இருந்த நித்திலன்தான் 2024-ல் விஜய் சேதுபதியின் 50-வது படமான 'மகாராஜா'வை இயக்கினார்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. 'காதலில் சொதப்புவது எப்படி', 'நேரம்', 'முண்டாசுப்பட்டி' மூணுமே முதலில் குறும்படங்கள். அதே பெயரில், அதே இயக்குநர் கையில் பெரிய படங்களா மாறின. அதாவது, குறும்படம்ங்கிறது திறமையைக் காட்டும் சாம்பிள் மட்டும் இல்ல, ஒரு முழுப்படத்தின் விதையாகவும் இருக்கலாம். அந்த விதை யார் கையில் இருக்குங்கிறதுதான் இங்க கேள்வி.

சட்டம் என்ன சொல்லுது?

இந்திய காப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒரு படத்தின் 'ஆசிரியர்' இயக்குநர் இல்லை, தயாரிப்பாளர். பலருக்கு இது அதிர்ச்சியா இருக்கும். படத்தை எடுக்க முன்கை எடுத்து, அதற்குப் பொறுப்பேற்பவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம். நாலு நண்பர்கள் காசு போட்டு, ஒருத்தர் கேமரா தந்து, இன்னொருத்தர் எடிட் செய்யும் படத்தில் அது யாரு? எழுதி வைக்கலன்னா பின்னாடி சண்டைதான். யார் தயாரிப்பாளர், உரிமை யாருக்கு என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். ஷூட்டிங்குக்கு முன்னாடியே வாங்கிடுங்க. படம் ஹிட்டான பிறகு கேட்டா யாரும் போட மாட்டாங்க!

திரைக்கதையின் உரிமை இதிலிருந்து தனி. அது எழுதியவருடையது. அதனால போட்டி விதியில் 'படத்தைத் திரையிடும் உரிமை' கேட்கிறாங்களா, 'கதை உட்பட முழு உரிமை' கேட்கிறாங்களான்னு பாருங்க. முதலாவது நியாயமானது. டிவியில் ஒளிபரப்பவோ யூடியூப்பில் போடவோ அவங்களுக்கு அனுமதி வேணும்தானே. இரண்டாவதுக்கு சம்மதிச்சா, அதே கதையை நாளைக்கு நீங்களே முழுப்படமா எடுக்க இன்னொருத்தரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வரலாம். சில ஆயிரம் ரூபாய் பரிசுக்கு அது ரொம்ப அதிக விலை.

சட்டத்தில் இளைஞர்களுக்குச் சாதகமான சில விஷயங்களும் உண்டு. உரிமையை மாற்றித் தருவது எழுத்துப்பூர்வமா, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு அதில் குறிப்பிடலன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாடுகளுக்குன்னு சொல்லலன்னா இந்தியாவுக்கு மட்டும். வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தலன்னா, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிடும். 'வேறு மாதிரி சொல்லப்படாத வரை' என்பதில்தான் சூட்சுமம். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டா, அமைப்பாளர்களுக்கு ஒரு மெயில் போட்டு விளக்கம் கேளுங்க.

பாட்டு போடலாமா?

'பத்து செகண்டுக்குள்ள போட்டா பிரச்னை இல்லை'ன்னு ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு. அப்படி ஒரு விதியே சட்டத்தில் கிடையாது. ஒரு சினிமா பாட்டில் வரி, இசை, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கு. டீ கடை ரேடியோவில் ஓடுற மாதிரி வைத்தாலும் அதே கதைதான். கூடப் படிக்கும் நண்பர் ஒருவரை இசையமைக்கச் சொல்லுங்க. அவரிடமும் அந்த ஒரு பக்கக் கடிதம் மறக்காம!

ஏற்காட்டில் எடுக்கிறவங்களுக்கு...

சேர்வராயன் மலையில் காப்புக்காட்டுப் பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி வேணும். காபித் தோட்டங்கள் தனியார் சொத்து, உரிமையாளரிடம் கேட்டுட்டு உள்ளே போங்க. ட்ரோன் பறக்க விடும் முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பான்னு பாருங்க.

பனிமூட்டம் அழகுதான், ஆனா எடிட்டிங்கில் படுத்தி எடுத்துடும். ஒரு ஷாட்டில் பின்னாடி மரமே தெரியாது, பத்து நிமிஷம் கழிச்சு எடுத்த அடுத்த ஷாட்டில் பளிச்சுன்னு வெயில் அடிக்கும். ஒரே காட்சியின் எல்லா ஷாட்டையும் மூட்டம் இருக்கும்போதே எடுத்து முடிக்கிற மாதிரி திட்டமிடுங்க. மலைக்காற்று மைக்கை நாசம் பண்ணும், அதுக்கு ஒரு உறை வாங்கிக்கோங்க. மங்கலான படத்தைக்கூட நடுவர்கள் மன்னிச்சுடுவாங்க, வசனம் கேட்கலன்னா கஷ்டம்.

வேறு எங்க அனுப்பலாம்?

கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் 2021-ல் இளம் படைப்பாளிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கினாங்க. நாடு முழுக்க 75 பேரைத் தேர்வு செய்தாங்க, 2024-ல் அது 100 ஆனது. தேர்வானவர்கள் குழுக்களா பிரிந்து 48 மணி நேரத்தில் ஒரு குறும்படம் எடுக்கணும். விண்ணப்பிக்க அழைப்பு வந்தா வயது வரம்பையும் கடைசித் தேதியையும் சரிபாருங்க.

எந்தப் போட்டியா இருந்தாலும், சப்மிட் பட்டனை அழுத்தும் முன் விதிமுறைப் பக்கத்தை முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோட சேமிச்சு வைங்க. பின்னாடி அந்தப் பக்கம் மாறலாம். நீங்க எதுக்கு ஓகே சொன்னீங்கங்கிறதுக்கு அந்தப் படம்தான் சாட்சி.